ஆஷு சொன்ன காரணம்: பாகிஸ்தான் குழந்தைகள் தொலைக்காட்சியும் பெண் கல்வியும்

2013 ஜூலை 28 அன்று பாகிஸ்தானின் ஜியோ தேஸ் அலைவரிசையில் ஓர் உருது கார்ட்டூன் தொடர் தொடங்கியது. பெயர் 'புர்கா அவெஞ்சர்'. கதை நடக்கும் கற்பனை ஊர் ஹல்வாபூர். நம் வாயில் அல்வாபுரம். அங்கே ஜியா என்றொரு பள்ளி ஆசிரியை. பகலில் பாடம் நடத்துபவள், ஊருக்கு ஒரு கேடு வந்தால் கண்கள் மட்டும் தெரியும் கறுப்பு அங்கிக்குள் புகுந்து பறந்து வருவாள். கையில் துப்பாக்கி கிடையாது. புத்தகத்தை வீசுவாள், பேனாவை எறிவாள். வளர்ப்புத் தந்தை கபடி ஜான் கற்றுக்கொடுத்த 'தக்த் கபடி' என்ற கற்பனைத் தற்காப்புக் கலை அவளுக்குக் கைவந்தது.

முதல் அத்தியாயமே பெண்கள் பள்ளியைப் பூட்டும் கதை. வடேரோ பஜேரோ என்ற அரசியல்வாதி, பள்ளி நடத்தத் தொண்டு நிறுவனம் கொடுத்த பணத்தை விழுங்கப் பார்க்கிறான். அவனுக்குத் துணை பாபா பந்தூக், அடர்ந்த தாடிக்காரன். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு, வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சமைத்தால் போதாதா என்று கேட்டுவிட்டுப் பள்ளிக் கதவில் பூட்டுப் போடுகிறான். வெளியே நிற்கும் சிறுமிகளில் ஆஷு என்பவள் முன்னால் வந்து எதிர்த்துப் பேசுகிறாள். ஜியா பறந்து வருவது அதற்குப் பிறகுதான்.

தொடர் திரைக்கு வரும் முன்பே வழக்கு தொடங்கிவிட்டது. வழக்கு துணியைப் பற்றியது. பெண்ணை மறைக்கும் ஆடையைப் பெண் சக்தியின் சின்னமாகக் காட்டுவதா, பிள்ளைகள் மனதில் புர்காவுக்குப் பளபளப்பு ஏற்றுவதா என்று பாகிஸ்தானின் பெண்ணியவாதிகள் பலர் கேட்டார்கள். தொடரை உருவாக்கியவர் ஹாரூன் என்ற பெயரில் அங்கே அறியப்பட்ட பாப் பாடகர். அவர் சொன்ன பதில் இது: அடையாளத்தை மறைக்க ஒரு வேடம் தேவைப்பட்டது, அது இந்த மண்ணுக்குரியதாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம், ஜியா யாருடைய வற்புறுத்தலாலும் அதை அணியவில்லை. அமெரிக்கச் சாகசக்காரிகளின் அரைகுறை உடை மட்டும் விடுதலையா என்ற எதிர்க்கேள்வியும் எழுந்தது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் பூட்டிய கதவின் முன் ஆஷு என்ன சொன்னாள் என்பது இந்த வாதத்தில் அடிபட்டுப்போயிற்று. இன்றைய சிறுமிகள்தாம் நாளைய தாய்மார்கள். அவர்கள் படிக்காவிட்டால் வரும் தலைமுறைகளும் படிப்பறிவில்லாமல் போகும் என்பதுதான் அவள் பேச்சின் சாரம். துப்பாக்கிக்காரனை எதிர்த்து நிற்கும் துணிச்சல்காரி சொல்லும் காரணம் இது. எனக்குப் படிக்க ஆசை என்று அவள் சொல்லவில்லை.

இந்தக் காரணத்துக்கு வயது அதிகம். 1869இல் நசீர் அகமது 'மிராத்துல் உரூஸ்' என்ற நாவலை எழுதினார். 'மணமகளின் கண்ணாடி' என்று பொருள். தன் மகளுக்குப் படிக்கக் கொடுக்க ஒன்றுமில்லையே என்று எழுதத் தொடங்கியது அது. பிரிட்டிஷ் அரசு பரிசு கொடுத்துப் பாராட்டியது. அக்பரி, அஸ்கரி என்று இரு சகோதரிகள். அக்பரி அடங்காதவள், வீட்டைச் சீரழிப்பவள். அஸ்கரி படித்தவள்; கணக்கு எழுதி, திருட்டு வேலைக்காரியைக் கண்டுபிடித்து, கடனை அடைத்து, புகுந்த வீட்டைத் தூக்கி நிறுத்துபவள். பெண் படித்தால் குடும்பத்துக்கு லாபம் என்று வீட்டு ஆண்களை நம்பவைத்ததில் அந்த நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு. நூற்றி நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011இலும் 2012இலும்கூட, பாகிஸ்தானின் இரண்டு தனியார் அலைவரிசைகள் அந்தச் சகோதரிகளைக் காலத்துக்கேற்ப மாற்றித் தொடராக்கின. ஆஷு பேசியது அதற்கு அடுத்த ஆண்டு.

நம் பக்கத்திலும் பெண் கல்வி பெரும்பாலும் 'நல்ல தாய், நல்ல மனைவி' என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே விடப்பட்டது. வேறு வாசலைக் கனவு கண்டவர்களும் இருந்தார்கள். ஆண்களை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டுப் பெண்கள் அறிவியலால் நாடாளும் கதையை, 'சுல்தானாவின் கனவு' என்று 1905இல் ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதினார். வங்க முஸ்லிம் பெண். கதை அச்சேறியது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கிலப் பெண்கள் இதழில். அந்த வாசல் தொலைக்காட்சிக்குள் திறக்கவே இல்லை.

பாகிஸ்தான் தொலைக்காட்சி, அதாவது பி.டி.வி., 1964 நவம்பரில் லாகூரில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் ஷோயப் ஹாஷ்மி அங்கே 'அக்கட் பக்கட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைச் செய்தார். பிள்ளைகள் ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கச் சொல்லும் எண்ணுப்பாட்டின் முதல் சொற்கள் அவை. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்'டின் சாயல் அதில் இருந்தது. பொம்மலாட்டக் கலைஞர் ஃபாரூக் கைசர் அங்கிருந்துதான் புறப்பட்டார். 1976இல் அவருடைய 'கலியான்' நிகழ்ச்சி வந்தது. மொட்டுகள் என்று பொருள். அதில் சர்கம் மாமா என்ற பொம்மை நாட்டு நடப்பைக் கிண்டலடிக்கும். கூடவே மாசி முசீபத்தே. மாசி என்றால் அம்மாவுடன் பிறந்தவள், நம் பெரியம்மா சின்னம்மா. முசீபத் என்ற சொல்லுக்குத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பொருள் சொல்ல வேண்டியதில்லை, தொல்லை, துன்பம். ஆண் பொம்மைக்கு இசையின் பெயர், பெண் பொம்மைக்குத் தொல்லையின் பெயர். பிள்ளைகள் இரண்டையும்தான் கொண்டாடினார்கள். ஆனாலும் பெயர் பெயர்தானே.

அடுத்த ஆண்டு, 1977 ஜூலை 5 அன்று, ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். 1979 பிப்ரவரியில் ஹுதூத் சட்டங்கள் வந்தன. 'சாதரும் நான்கு சுவர்களும்' என்பது ஆட்சியின் முழக்கமாயிற்று: பெண்ணுக்குப் போர்வையும் வீடும் போதும். 1980இல் பி.டி.வி. பெண்களுக்கு உத்தரவு வந்தது: திரையில் தோன்றினால் தலையில் துப்பட்டா இருக்க வேண்டும். மெஹ்தாப் சன்னா, பின்னாளில் மெஹ்தாப் ரஷ்தி, மறுத்தார். சிந்தி மொழிக்காரர், நாடறிந்த நிகழ்ச்சித் தொகுப்பாளர். தலையை மூடிக்கொள்வதைவிடத் திரையை விட்டுப் போவதே மேல் என்று போய்விட்டார்.

அரசு எப்படிப்பட்ட பெண்ணை அஞ்சியது என்பதை 1983 பிப்ரவரி 12 காட்டியது. இரண்டு பெண்களின் சாட்சியம் ஓர் ஆணின் சாட்சியத்துக்குச் சமம் என்ற சட்ட முன்வரைவை எதிர்த்து லாகூர் மால் ரோட்டில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். தடியடி, கண்ணீர்ப் புகை. இன்று அந்த நாள் பாகிஸ்தானின் தேசியப் பெண்கள் தினம். ஷோயபின் மனைவி சலீமா ஹாஷ்மி, கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் மகள், எழுபதுகளின் பி.டி.வி. நகைச்சுவைத் தொடர்களில் நடித்தவர். அதே 1983இல் பெண் ஓவியர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். பிள்ளைகளையும் பெரியவர்களையும் தொலைக்காட்சியில் சிரிக்கவைத்த வட்டமும், தெருவில் அடிவாங்கிய வட்டமும் ஒன்றுக்கொன்று தூரமானவை அல்ல. பொம்மை பேசினால் தணிக்கைக்காரர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். பெண் பேசினால் முதலில் அவள் தலையைத்தான் பார்ப்பார்.

தொண்ணூறுகளில் பெண் குழந்தை திரையின் நடுவுக்கு வந்தாள். ஆனால் வழி வேறு, ஐ.நா. வழி. சார்க் நாடுகள் 1990ஐப் பெண் குழந்தை ஆண்டாகவும் அதன்பின் பத்தாண்டுகளைப் பெண் குழந்தைப் பதின்மமாகவும் அறிவித்தன. யுனிசெஃப் 'மீனா' என்ற கார்ட்டூன் சிறுமியை உருவாக்கியது. மும்பையின் ராம் மோகன் வரைந்து இயக்கினார். மணிலாவிலிருந்த ஹன்னா பார்பெரா படக்கூடமும் கைகொடுத்தது. முதல் படம் 1993இல் வங்கதேசத்தில் ஒளிபரப்பானது. இந்துவும் முஸ்லிமும் வைக்கும் பெயர், எந்த நாட்டுக்கும் முழுச் சொந்தமாகாத ஓர் உடை, தம்பி ராஜு, மித்து என்ற கிளி. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் எல்லாவற்றுக்கும் ஒரே சிறுமி. இதைப் படிப்பவர்களில் பலர் அவளைப் பார்த்து வளர்ந்திருக்கலாம்.

அந்த முதல் படத்தின் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். மீனாவுக்குப் பள்ளிக்குப் போக ஆசை, வீட்டில் விடவில்லை. கிளியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அது கேட்டு வந்து சொல்லும் எண்களைக் கற்றுக்கொள்கிறாள். ஒருநாள் கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைகிறது, திருடன் பிடிபடுகிறான். எண்ணத் தெரிந்ததால் கோழி பிழைத்தது என்று புரிந்துகொண்ட அப்பா அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். அஸ்கரிதான்! வேலைக்காரிக்குப் பதில் கோழித் திருடன். மாம்பழக் கதையும் இதே தராசுதான். ராஜுவுக்குப் பெரிய துண்டு, மீனாவுக்குச் சின்னது. ஒரு நாள் வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள், அவள் படும் பாடு வீட்டுக்குப் புரிகிறது, பங்கு சமமாகிறது. பாத்திரம் கழுவாத சிறுமிக்கும் பசிக்கும் என்பதற்கு அந்தத் தராசில் இடமில்லை.

இதை எழுதும்போதே எனக்கு மீனா மேல் உள்ள பிரியம் குறையவில்லை. கோழிக் கதை வீட்டுக்குள் வேலை செய்தது. ஒரு தாய் தன் கணவனிடம் எடுத்துச் சொல்லக்கூடிய காரணம் அது. உரிமை என்ற சொல்லைச் சொன்னால் அடி விழும் வீட்டில் கோழி என்று சொல்லலாம். படம் எடுத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். விலை என்னவென்றால், கோழி இல்லாத வீட்டுச் சிறுமிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

பயன் கேட்காத ஒரு சிறுமி 2011 டிசம்பரில் வந்தாள். 'சிம் சிம் ஹமாரா', செசமி ஸ்ட்ரீட்டின் பாகிஸ்தான் வடிவம். செய்தது லாகூரின் ரஃபி பீர் நாடகக் குழு. பொம்மலாட்டத்தில் பெயர் பெற்ற குடும்பம். 2008 நவம்பரில் அவர்கள் நடத்திய உலகக் கலை விழாவின் அருகே குண்டுகள் வெடித்தன. அப்படியும் கடையைக் கட்டாதவர்கள். ஒரு ஆலமரம், ஒரு டாபா, அதைச் சுற்றி ஊர். நாயகி ராணி, ஆறு வயது, விவசாயி மகள். இரட்டைச் சடை, சடையில் பூ, நீலமும் வெள்ளையுமாகப் பள்ளிச் சீருடை. கிரிக்கெட் ஆடுவாள், ஆர்மோனியம் வாசிப்பாள். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பாள். அவளுடைய கேள்வியால் எந்தக் கோழியும் பிழைக்க வேண்டியதில்லை. கேட்கத் தோன்றியது, கேட்டாள். உருதுப் பெண்கள் கதைகளின் நீண்ட வரிசையில் வைத்துப் பார்த்தால் இது சிறிய விஷயமே அல்ல.

ஆனால் காசு அமெரிக்க அரசுடையது. அமெரிக்க உதவி முகமை ஒதுக்கியது 2 கோடி டாலர். 2012 ஜூனில் ஊழல் புகார் வந்ததாகச் சொல்லி நிதியை நிறுத்தியது. குழு புகாரை மறுத்தது. யார் பக்கம் உண்மை என்பதற்குள் போகாமலே ஒன்று சொல்லலாம். நாட்டை நோக்கி அமெரிக்க ஆளில்லா விமானங்கள் பறந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அமெரிக்கப் பணத்தில் ஆர்மோனியம் வாசித்த சிறுமிக்குச் சொந்த ஊரில் காலூன்ற நேரம் கிடைக்கவில்லை. பெண் குழந்தையைத் திரையில் வளர்க்கும் செலவை உள்நாட்டு அரசு தன் வேலையாக நினைத்திருந்தால் அவள் கதை அங்கேயே நின்றிருக்காது.

இந்தப் பின்னணியில்தான் ஜியா வருகிறாள். பெண்கள் பள்ளிகள் மூடப்படும் செய்திகளைப் படித்து 2010இல் இந்த எண்ணம் தோன்றியதாக ஹாரூன் சொல்லியிருக்கிறார். செய்திகளுக்குப் பஞ்சமில்லை. 2009 ஜனவரி 15க்குப் பிறகு எந்தச் சிறுமியும் பள்ளிக்குப் போகக் கூடாது என்று ஸ்வாத் பள்ளத்தாக்கில் தாலிபான் அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் தகர்க்கப்பட்டன. அந்த நாட்களை பி.பி.சி. உருதுவில் புனைபெயரில் நாட்குறிப்பாக எழுதிய மலாலா, 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வண்டியில் சுடப்பட்டாள். கார்ட்டூன் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் பள்ளிக் கதவில் பூட்டுப் போடுபவனைத் தாடியோடும் துப்பாக்கிப் பெயரோடும் வரைந்து, பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னது சாதாரணத் துணிச்சல் இல்லை. பந்தூக் என்றால் துப்பாக்கி. அதைவிட எனக்குப் பிடித்தது மற்றவன் பெயர். வடேரோ என்பது சிந்துப் பண்ணையாரைக் குறிக்கும் சொல். பஜேரோ அவர்கள் வலம்வரும் பெரிய வண்டி. பெண் கல்விக்குத் தடை மதவெறி மட்டும்தான் என்று வெளிநாட்டுச் செய்தியாளர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, இந்தக் கார்ட்டூன் பண்ணையார் பள்ளிப் பணத்தைத் தின்பதை முதலில் வைத்தது. சிந்து மாகாணத்தில் அவற்றுக்கு 'பேய்ப் பள்ளி' என்றே பெயர். காகிதத்தில் பள்ளி இருக்கும், சம்பளம் போகும். கட்டிடத்தில் பண்ணையாரின் மாடு கட்டியிருக்கும். குண்டு வைத்து மூடிய பள்ளிகள் செய்தியாயின. இவை ஆகவில்லை.

அதே 2010 ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. பாகிஸ்தான் அரசியல் சட்டத்தில் 18ஆவது திருத்தம் வந்து, 25-ஏ பிரிவு சேர்ந்தது. 5 முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தருவது அரசின் கடமை. ஆஷுவுக்கு இது கையில் இருந்த ஆயுதம். ஆனால் பூட்டிய கதவின் முன் அவள் எடுத்தது அஸ்கரியின் ஆயுதத்தை. பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியைத் தாயாகக் கற்பனை செய்துதான் அவளுக்குப் பள்ளி கேட்க முடிந்தது. பந்தூக்கும் ஆஷுவும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: அவளுடைய எதிர்காலம் வீட்டில்தான். அவன் படிக்காத தாய் போதும் என்கிறான், இவள் படித்த தாய் வேண்டும் என்கிறாள். புர்காவைக் கண்டு கொதித்தவர்களும் இந்த வசனத்தில் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. அது அவ்வளவு பழகிய குரல். நம் வீட்டிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கேட்டது.

தொடர் நன்றாகவே போயிற்று. 2013ஆம் ஆண்டுக்கான பீபடி விருது கிடைத்தது. போலியோ சொட்டு மருந்து பற்றியும் ஓர் அத்தியாயம் செய்தார்கள். 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பக்கத்திலும் சொட்டு மருந்துப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சுட்டுக் கொல்லப்பட்ட நாட்டில் அது வெறும் சுகாதாரப் பாடம் ஆகாது. 2014இல் இந்தியாவில் ஜீ-க்யூ அலைவரிசை இந்தி, ஆங்கிலம், தெலுங்கோடு தமிழிலும் ஒளிபரப்ப முன்வந்தது. இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று கதவடைத்து உட்கார்ந்திருக்கும் காலத்தில் ஒரு லாகூர்–கராச்சி உலகத்து ஆசிரியை தமிழ் பேசியிருக்கிறாள் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஜியாவின் பகல் நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அங்கிக்குள் புகாத நேரத்தில் அவள் கரும்பலகை முன் நிற்கிறாள். மணமாகாதவள், சம்பளத்துக்கு வேலை செய்பவள், வளர்த்த தந்தையோடு வாழ்பவள். ஊரில் யாரும் அவளுக்கு மாப்பிள்ளை தேடிக் கதையை நகர்த்துவதில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது அவள் புர்கா அணிவதில்லை. தலையில் முக்காடும் இல்லை. ஒரு துப்பட்டாவுக்காக மெஹ்தாப் சன்னா வேலையை விட்டுப் போக வேண்டியிருந்த நாட்டில், தலையை மூடாத ஓர் ஆசிரியை ஒவ்வொரு வாரமும் லட்சக்கணக்கான வீடுகளின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். எல்லாருடைய கண்ணும் கறுப்பு அங்கியிலேயே இருந்ததால் அதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆஷு வாயால் சொல்லாத காரணம் அவள் கண்ணெதிரே, கையில் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தது.